வேலை மாறும்போது பி.எஃப். பணத்தில் செய்யக் கூடாத தவறுகள்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களின் பி.எஃப். படிவங்கள் என் மேசைக்குத்தான் வரும். போன மாதம் 28 வயதுத் தம்பி ஒருவர் ஃபார்ம் 11 நிரப்பிக்கொண்டிருந்தார். இதற்கு முன் பி.எஃப். உறுப்பினரா என்று கேட்கும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. "அண்ணா, இதுல இல்லைன்னு போட்டுட்டா பழைய பணத்தை எடுத்துக்கலாமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

2002இல் நானும் இதையேதான் ஒருவரிடம் கேட்டேன். "எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

சீக்கிரம் சேமிக்கத் தொடங்குங்கள், வீண்செலவு வேண்டாம் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன். நல்ல சம்பளக்காரர்களும் விவரம் தெரிந்தவர்களும் பி.எஃப்.பிலும் ஓய்வுப் பணத்திலும் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பழைய கணக்கை மூடிவிட்டுப் புதுக் கணக்கு தொடங்குவது

1996இல் ஒரு மில்லில் சேர்ந்தேன். ஆறு வருடம் கழித்து வேறு இடத்துக்குப் போனபோது, புது வேலையைச் சொல்லாமல், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 46,000 ரூபாய் வந்தது. ஒரு டிவி, ஒரு பீரோ, பழைய கைமாற்று ஒன்று. தீபாவளிக்குள் பணம் தீர்ந்துவிட்டது. பீரோ மட்டும் இன்னும் இருக்கிறது.

2002லிருந்து பி.எஃப். வட்டி ஒரு வருடம்கூட 8 சதவீதத்துக்குக் கீழே போனதில்லை. 8 சதவீதத்தில் ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை பணம் இரட்டிக்கும். அந்த 46,000த்தைப் புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றியிருந்தால் 2011இல் 92,000. 2020இல் 1,84,000. எனக்கு 58 வயதாகும் 2029இல் 3,68,000. நான் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போட வேண்டியிருந்திருக்காது.

இதைவிட வயிற்றெரிச்சல் பென்ஷனில். நிர்வாகம் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது (15,000 ரூபாய்ச் சம்பளம் வரைதான் கணக்கு). கணக்கை மூடும்போது, பி.எஃப். பணத்தை எடுக்கும் ஃபார்ம் 19உடன் 10சி என்று இன்னொரு படிவத்தையும் நீட்டுவார்கள். பத்து வருடத்துக்குக் குறைவான சர்வீஸ் உள்ளவர்கள் பென்ஷன் பணத்தையும் எடுத்துக்கொள்ளும் படிவம் அது. அதில் கையெழுத்துப் போட்ட நிமிடம் அந்த சர்வீஸ் முழுக்க அழிந்துவிடும். மாதாமாதம் பென்ஷன் வாங்கக் குறைந்தது பத்து வருட சர்வீஸ் வேண்டும். நான் 31 வயதில் மறுபடி முதல் வருடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

அந்தத் தம்பிக்கு ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பென்ஷன் என்பது கடைசி 60 மாதச் சம்பளச் சராசரியை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பது. அவருக்கு ஆறு வருட சர்வீஸ். 15,000 பெருக்கல் 6, வகுத்தல் 70. மாதம் 1,285 ரூபாய். 58 வயதிலிருந்து உயிரோடு இருக்கும்வரை வர வேண்டிய தொகையில் அவ்வளவு குறையும். அவருக்குப் பின் மனைவிக்கு வரும் பென்ஷனும் குறையும். கணக்கில் இருந்த 2,10,000 ரூபாய், வட்டி 8 சதவீதமாவது நின்றால், 55 வயதுக்குள் மூன்று முறை இரட்டித்து எட்டு மடங்கு. 16,80,000. அவர் கேட்டது பைக்குக்கு முன்பணம் கட்ட.

"எதுக்குங்க அங்க சும்மா கிடக்கணும்?" என்று இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. சும்மா கிடக்கவில்லை, வளர்ந்துகொண்டிருக்கிறது. வேறு கம்பெனியில் வேலையில் இருந்துகொண்டே கணக்கை மூட விதியிலும் இடமில்லை. மொத்த சர்வீஸ் ஐந்து வருடத்துக்குள் என்றால் எடுக்கும் பணத்துக்கு வருமான வரியும் உண்டு. கணக்கை மாற்றிக்கொண்டால் பழைய சர்வீஸும் அந்த ஐந்தில் சேரும். கல்யாணம், வீடு, வைத்தியம் என்றால் கணக்கை மூடாமலே முன்பணம் எடுக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான்: ஃபார்ம் 11இல் பழைய யு.ஏ.என். எண்ணையே (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) எழுதுங்கள். பழைய தொகை புதுக் கணக்குக்கு வந்துவிட்டதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். அப்புறம், மாற்றியதும் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் பூஜ்யம் காட்டும். பணம் போய்விட்டதென்று பதறிக்கொண்டு வருவார்கள். அது தனிநபர் கணக்கில்லை, பொதுநிதி. உங்கள் சர்வீஸ்தான் மாறி வரும்.

நாமினியில் இன்னும் அம்மா பெயர்

கல்யாணத்துக்கு முன் கொடுத்த பி.எஃப். நியமனம் கல்யாணத்தோடு செல்லாது. புதிதாகப் போடுங்கள்.

ஓய்வுப் பணம் மொத்தத்தையும் மாடி கட்டப் போடுவது

வாடகை வரும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓடும் இரவில் மாடியை உடைத்து விற்க முடியாது.

"லட்சத்துக்கு மாசம் இவ்வளவு"

மாதாமாதம் பணம் தருகிறோம் என்றவர்களை நம்பி, பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் போட்ட பணம் 2012இல் முழுகிப்போனது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். 60 வயதானவர்களுக்குத் தபால் நிலையத்திலேயே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து 8.2 சதவீதம், 30 லட்சம் வரை போடலாம். பத்து லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய்.

இனிஷியல்

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தொல்லை. ஆதாரில் "செல்வம் க". பான் கார்டில் "கந்தசாமி செல்வம்". பி.எஃப். பதிவில் "க. செல்வம்". மூன்றும் ஒரே ஆள்தான், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். 58 வயதில் கிளெய்ம் போடும்போது திருத்தலாம் என்று விட்டால், முதலில் சேர்ந்த கம்பெனியே அப்போது இருக்காது, கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது. வேலையில் இருக்கும்போதே ஆதாரில் உள்ளபடி மாற்றிவிடுங்கள்.

அந்தத் தம்பிக்கும் இதே சிக்கல். ஃபார்ம் 11இல் பழைய எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டார். பெயரில் அப்பாவின் இனிஷியல் முன்னால் நிற்கிறது, பின்னால் போக வேண்டும். திருத்தத்துக்குப் போட்டிருக்கிறோம்.