டிரைவர் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு மாடிக் கடையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு வரும் பையன்கள் எங்களிடம் வேலை பழகுவார்கள். ஒருவன் கற்றுக்கொண்டு கிளம்பினால் இன்னொருவன் வருவான். டிரைவர் போடும்போது, அதாவது கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்தையும் இயக்க உதவும் சாஃப்ட்வேரைப் போடும்போது, வருகிற ஒவ்வொருவனும் நான் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறான். போன மாதமும் ஒன்று நடந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

32 பிட், 64 பிட் குழப்பம், கண்ட இடத்திலிருந்து ‘எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்’ வகையறாவை இறக்குவது, இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டு முறை அடிபட்டால் யாருக்கும் தெரிந்துவிடும். அடிபட்டாலும் புரியாதவை சில உண்டு. அவற்றைப் பார்ப்போம்.

ஃபார்மட் முடிந்தபின் வைஃபை டிரைவரைத் தேடுவது

நெட் வேலை செய்ய டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க நெட் வேண்டும். ஃபார்மட்டுக்கு முன்பே வைஃபை, லேன் (கேபிள் நெட்) இரண்டின் டிரைவரையும் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. பழைய விண்டோஸ் இன்னும் ஓடுகிறதென்றால், சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர் என்று உள்ளே போனால் ஃபைல்ரெபாசிட்டரி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்த மெஷினில் இதுவரை போட்ட டிரைவர்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதை அப்படியே காப்பி எடுத்து வைத்தால், புது விண்டோஸில் டிவைஸ் மேனேஜரிலிருந்து (கம்ப்யூட்டரின் பாகங்களைப் பட்டியலிடும் திரை) அந்த ஃபோல்டரைக் காட்டிவிடலாம். சில ஜிபி இடம் பிடிக்கும், அவ்வளவுதான். எதையும் எடுத்து வைக்காமல் மாட்டிக்கொண்டீர்களா? ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள், போனின் நெட் கம்ப்யூட்டருக்கு வரும். பெரும்பாலும் அதற்குத் தனி டிரைவர் தேவைப்படாது.

புளூ ஸ்கிரீனைப் பார்த்ததும் ஃபார்மட் பென்டிரைவை எடுப்பது

என்னை இன்னும் கோபப்படுத்துவது இந்த ஒரு தவறுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அல்சூரில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கும் ஒரு அம்மா லேப்டாப் கொண்டு வந்தார். 11ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர். ‘ஸ்லோவா இருக்கு தம்பி, கொஞ்சம் பாருங்க’ என்றதோடு சரி. பையன் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள், போனான். அங்கே விஎம்டி என்று, எஸ்எஸ்டியைக் கையாளும் இன்டெல்லின் ஓர் அமைப்பு ஆன் ஆகி இருப்பதைப் பார்த்தான். ஏதோ வீடியோவில் அதை ஆஃப் செய்யச் சொல்லியிருந்தார்களாம், செய்துவிட்டான். சேவ் செய்து ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை. அதில் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்தது.

“அண்ணா, விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு. புதுசா போட்டுடட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே பென்டிரைவைச் செருகப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். திரும்பப் பயாஸுக்குள் போகச் சொல்லி விஎம்டியை ஆன் செய்ய வைத்தேன். ஒரு நிமிடத்துக்குள் விண்டோஸ் வந்துவிட்டது. டெஸ்க்டாப் முழுக்கக் கேள்வித்தாள் ஃபோல்டர்கள், வகுப்பு வாரியாக, வருடம் வாரியாக. அந்த அம்மாவிடம் வேறு காப்பி கிடையாது.

என்ன நடந்தது என்றால், விண்டோஸ் எழுந்திருக்க டிஸ்க்கைப் படிக்க வேண்டும். படிக்க ஒரு ஸ்டோரேஜ் டிரைவர் வேண்டும். அந்த டிரைவரும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. அதனால், பூட் ஆகும் தொடக்கத்திலேயே ஏற்ற வேண்டிய டிரைவர்கள் எவை என்று விண்டோஸ் முன்கூட்டியே குறித்து வைத்திருக்கும். விஎம்டி ஆனில் இருந்தபோது போட்ட விண்டோஸ், இன்டெல்லின் ஆர்எஸ்டி என்ற ஸ்டோரேஜ் டிரைவரைக் குறித்து வைத்திருக்கும். நீங்கள் விஎம்டியை அணைத்ததும் அதே எஸ்எஸ்டி வேறொரு வாசல் வழியாகத் தெரிகிறது. அந்த வாசலுக்கான டிரைவர் டிஸ்க்கில் இருக்கும், ஆனால் தொடக்கத்தில் ஏற்றும் பட்டியலில் இருக்காது. சாவி பூட்டிய வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. டிஸ்க்கும் நன்றாக இருக்கிறது, விண்டோஸும் நன்றாக இருக்கிறது, டேட்டாவும் பத்திரமாக இருக்கிறது. மாறியது பயாஸில் ஒரே ஒரு வரி.

இதே விஷயத்தில் 2008இல் என் கையைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. சிக்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் ஒரு டிடிபி கடை. எக்ஸ்பி ஓடும் அசெம்பிள் மெஷின், தேதி நேரம் நிற்கவில்லை என்று கூப்பிட்டார்கள். மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை மாற்றினேன். பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ், கம்பெனி வைத்த தொடக்க அமைப்புக்குப் போய்விட்டது. அதோடு சேர்ந்து, டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடும் மாறியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஆன் செய்தால் 7பி என்று முடியும் நீலத் திரை. விண்டோஸ் போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, சி டிரைவை ஃபார்மட் செய்து புது எக்ஸ்பி போட்டேன். அவர் எல்லா டிசைனையும் டெஸ்க்டாப்பில்தான் வைத்திருந்தார். டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில்.

“டேட்டா ஹோய்த்தா?” (டேட்டா போச்சா?) என்று கன்னடத்தில் மட்டும் கேட்டார். சத்தம் போடவில்லை. ரெகவரி சாஃப்ட்வேர் போட்டு இரவு முழுக்க உட்கார்ந்ததில் பாதி ஃபைல் வந்தது, அதுவும் பெயர் போய் வெறும் எண்களாக. எது யார் கல்யாணம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அவர் பெயர் வைத்துக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேட்டரி மாற்றுவதற்கு முன் பயாஸ் பக்கங்களைக் குறித்து வைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை அது. இன்று எல்லார் கையிலும் கேமரா போன் இருக்கிறது. பயாஸில் எதையும் தொடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள். என் கடையில் போட்டோ எடுக்காமல் யாரும் பயாஸைத் தொடக்கூடாது.

சரி, விஎம்டி ஆனில் இருக்கும் மெஷினில் புதிதாகவே விண்டோஸ் போட வேண்டும் என்றால்? இன்ஸ்டால் பாதியில் ‘டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை’ என்று நிற்கும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று சொல்லிப் புது எஸ்எஸ்டி விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தத் திரையிலேயே ‘லோட் டிரைவர்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்திலிருந்து ஆர்எஸ்டி டிரைவரை இறக்கிப் பென்டிரைவில் போட்டு அதைக் காட்ட வேண்டும். இங்கே எல்லாரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு: இறக்கிய ஃபைல் எக்ஸிஇ ஆக இருந்தால் இன்ஸ்டாலர் அதை ஏற்காது. இன்னொரு கம்ப்யூட்டரில் அதைப் பிரித்து, டிரைவர் விவரம் கொண்ட ஐஎன்எஃப் ஃபைல் இருக்கும் ஃபோல்டராக ஆக்கிக் கொண்டுவர வேண்டும். எக்ஸ்பி காலத்தில் இதே வேலைக்கு எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பி செருகினோம். பெயரும் பெட்டியும்தான் மாறியிருக்கின்றன.

ஓடுகிற விண்டோஸை வைத்துக்கொண்டே மோடை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கும் முறை இருக்கிறது. முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியைத் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட்டை (மிகத் தேவையான டிரைவர்களோடு மட்டும் எழும் சேஃப் மோடு) டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்து நேராகப் பயாஸுக்குப் போய் மோடை மாற்றுங்கள். சேஃப் மோடில் எழும்போது விண்டோஸ் புது வாசலுக்கான டிரைவரைத் தானே பிடித்துக்கொள்ளும். அப்புறம் அந்த டிக்கை எடுத்துவிட்டு வழக்கம்போல ரீஸ்டார்ட் செய்யலாம். சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போவது உண்டு, அக்கவுண்ட் பாஸ்வேர்டு தெரியுமா என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைத் தொடங்கும் முன், டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தால், ஹோம் பதிப்பில்கூட என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடும். உரிமையாளருக்கே அது தெரியாது. பயாஸில் கை வைத்ததும் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கக்கூடும். அந்தக் கீ அவருடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சேமிப்பாகி இருக்கும், ஆனால் எந்த மெயிலில் அக்கவுண்ட் திறந்தார் என்பதே பலருக்கு நினைவிருக்காது. கீயை எடுத்து வைத்துக்கொண்டு, என்கிரிப்ஷனைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். ஹார்டு டிஸ்க்கும் அதை வேகப்படுத்தும் இன்டெல்லின் ஆப்டேன் மெமரியும் சேர்ந்திருக்கும் லேப்டாப் என்றால் இன்னும் கவனம் தேவை. விண்டோஸுக்குள் இருந்தபடியே முதலில் ஆப்டேனைப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் பயாஸில் மாற்றினால் டிஸ்க்கில் இருப்பதைப் படிக்க முடியாமல் போகலாம்.

மாடல் பெயரை மட்டும் நம்புவது

ஒரே மாடல் லேப்டாப்பில் ஒரு பேட்சுக்கு ரியல்டெக் வைஃபை கார்டு வரும், அடுத்த பேட்சுக்கு மீடியாடெக் வரும். பெட்டியின் மேல் இருப்பது ஒரே பெயர்தான். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் இருக்கும் வரியில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் வரை போங்கள். வென் (VEN) என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கம்தான் தயாரிப்பாளர். 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. அதற்கு அடுத்து வரும் நான்கு இலக்கம் சிப்பின் எண். இந்த எட்டு இலக்கத்தையும் வைத்துத் தேடுங்கள்.

பிரிண்டர் கேபிளை அவசரப்பட்டுச் செருகுவது

சாஃப்ட்வேர் கேட்கும்வரை கேபிளைத் தொடாதீர்கள்.

பில் பிரிண்டரில் இன்னொன்று இருக்கிறது. சிவாஜிநகரில் ஒரு மளிகைக் கடையில் பண்டிகை நேரத்தில் பில் வரவில்லை என்று ஓடினேன். டிரைவர் பழுது என்று அவர்களே இரண்டு முறை அழித்துப் போட்டுவிட்டார்கள். மேசையைத் துடைத்தவர் கேபிளைக் கழற்றி வேறு யூஎஸ்பி துளையில் செருகியிருக்கிறார். விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டர் என்று நினைத்து, பெயருக்குப் பின்னால் ‘காப்பி 1’ சேர்த்து, யூஎஸ்பி002 என்ற போர்ட்டில் வைத்துவிட்டது. பில்லிங் சாஃப்ட்வேர் இன்னும் 001க்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கேபிளைப் பழைய துளைக்கு மாற்றியதும் வரிசையில் நின்ற பில் எல்லாம் சரசரவென்று வந்தது. அந்தத் துளைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்தேன்.

யூஎஸ்பி சீரியல் கேபிளில் டிரைவரைக் குறை சொல்வது

சீரியல் போர்ட் கருவிகளை யூஎஸ்பியில் இணைக்கும் கேபிளோடு, புராஜெக்ட் செய்யும் இன்ஜினியரிங் பிள்ளைகள் இங்கே நிறைய வருவார்கள். நேற்றுவரை ஓடிய கேபிள் இன்று கோடு 10 (டிவைஸ் தொடங்கவில்லை என்ற பிழை) காட்டுகிறது என்பார்கள். பல மலிவுக் கேபிள்களில் இருப்பது போலிச் சிப். டிரைவர் புதிதாகும்போது அது போலியைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ என்ற சிப் கம்பெனியின் டிரைவர் ஒன்று போலிச் சிப்பின் அடையாள எண்ணையே பூஜ்ஜியமாக்கியது. எதிர்ப்புக் கிளம்பியபின் அதைத் திரும்பப் பெற்றார்கள். பழைய டிரைவருக்குப் போனால் சில நாள் ஓடும். ஆனால் நல்ல கேபிள் ஒன்று வாங்கிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஓடுகிற டிரைவரை அப்டேட் செய்வது

காரணம் இல்லாமல் வேண்டாம்.

ரீஸ்டோர் பாயின்ட்

டிரைவர் போடும் முன் ஒன்று வையுங்கள், ஏதாவது கெட்டால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். பல மெஷின்களில் அந்த வசதியே ஆஃபில் இருக்கும், முதலில் ஆன் செய்யுங்கள்.

லினக்ஸில் அந்த நீலப் பெட்டியைத் தவறவிடுவது

நம்பகமான டிரைவரை மட்டும் ஏற்ற விடும் செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போது உபுண்டுவில் என்விடியா டிரைவர் போட்டால், நடுவில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த பூட்டில் ‘எம்ஓகே மேனேஜ்மென்ட்’ என்று ஒரு நீலப் பெட்டி வரும். அது பத்து விநாடிதான் காத்திருக்கும். டீ குடிக்கப் போய்விட்டால் பெட்டி போய்விடும், டிரைவரும் ஏறாது. பையன்கள் அப்புறம் டிரைவரை மூன்று முறை போட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பெட்டியில் ஒரு கீயை அழுத்தி, என்ரோல் எம்ஓகேவைத் தேர்ந்தெடுத்து, வைத்த பாஸ்வேர்டைக் கொடுத்தால் போதும். பாஸ்வேர்டை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் ஞாபகம் வராது.