ஒரே ஊரில் இரண்டு ஜான் ஸ்மித்தா? நிலத்தைப் பிடியுங்கள்

அமெரிக்கக் காலனி கால ஆவணங்களில் முன்னோரைத் தேடும்போது ஒரே பெயரில் இருவர் குழப்பினால், பெயரை விட்டுவிட்டு நிலத்தைப் பின்தொடருங்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் வாங்கியது யாரிடம், விற்றது யாருக்கு, எல்லையை ஒட்டிய நிலக்காரர் யார் என்று பத்திரவாரியாகக் குறியுங்கள். விற்கும்போது மனைவி தன் விதவைப் பங்கை (கணவர் இறந்தால் அந்த நிலத்தில் தனக்குரிய உரிமையை) விட்டுக்கொடுப்பது வழக்கம் என்பதால், அவர் பெயரே பல சமயம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். எழுத்தர் படியெடுத்த பதிவேட்டில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. கையெழுத்துக்குப் பதில் கைக்குறி இட்டவரா என்று மட்டும் பாருங்கள்.

‘சீனியர், ஜூனியர்’ என்றதும் அப்பா, மகன் என்று முடிவுகட்ட வேண்டாம். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் இறந்தபின் ஜூனியரே சீனியராவதும் உண்டு.

நிலமில்லாத குத்தகைக்காரர், கூலியாட்களுக்கு இது உதவாது. வர்ஜீனியாவில் இன்னொரு சிக்கல்: 1785 சட்டத்துக்கு முன், உயில் இல்லாவிட்டால் நிலம் மூத்த மகனுக்கே. அவர் பெயரில் வாங்கிய பத்திரமே இருக்காது.