பிளஸ் டூ முடிவதற்குள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குத் தயாராவது எப்படி?

கல்லூரி டீமில் ஆட ஆசையா? பள்ளிப் போட்டிகளில் குறுவட்டம் (பக்கத்துப் பள்ளிகள் மோதும் முதல் கட்டம்), வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம், இந்த வரிசையில்தான் ஏற வேண்டும். குறுவட்டத்தைச் சின்னப் போட்டி என்று விட்டால் அந்த வருடமே போய்விடும். சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள், பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்றே இடஒதுக்கீடு இருக்கிறது.

பயிற்சிக்கு நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. சரி, நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, அதனால் மைதானம் சேறான நாட்களில் ஸ்குவாட், பிளாங்க், படிக்கட்டு ஏறி இறங்குவது என்று வீட்டிலேயே உடம்பைத் தயார் செய்யுங்கள், தயவுசெய்து சும்மா இருந்துவிடாதீர்கள். வலி இருந்தால் கோச்சிடம் மறைக்க வேண்டாம்.

பிடித்த கல்லூரியில் உங்கள் விளையாட்டுக்கு டீம் இருக்கிறதா, செலக்ஷன் எப்போது என்று பரீட்சைக்கு முன்பே அங்குள்ள உடற்கல்வி இயக்குநரை நேரில் பார்த்துக் கேட்டுவிடுங்கள்.