போர் போடுவதற்கு முன் சைலன்சரைக் கழற்றுங்கள்

பழைய டிவிஎஸ் 50 இழுவை குறைந்துவிட்டது என்று பட்டறைக்குப் போனால், முதல் வார்த்தையே ‘போர் போட வேண்டும்’ என்பதுதான்; அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டன் மாட்டுவது. தலையாட்டிவிடாதீர்கள். 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த வண்டி இது. என்னுடையது இன்றும் சந்தைக்கு வாழைத்தார் சுமக்கிறது. காரணம் கரி எடுப்பதுதான், வேறு மந்திரம் இல்லை.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. எரியாத மிச்சம் புகை வெளியேறும் வாயில் கரியாகப் படிந்து, வழியை அடைத்துக்கொண்டே வருகிறது. இன்ஜின் ஆறிய பிறகு சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். முழுதாகத் திறந்திருக்க வேண்டிய வாய் பாதியாகச் சுருங்கியிருக்கும். பெடலை மெல்லச் சுற்றி, பிஸ்டன் அந்த வாயை மூடும் இடத்தில் நிறுத்துங்கள். இல்லையென்றால் கரி சிலிண்டருக்குள் விழும். மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். பிஸ்டன் அலுமினியம், கீறல் விழுந்தால் பிறகு உண்மையிலேயே போர்தான். சைலன்சரைத் திரும்ப மாட்டும்போது, இடையில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும்.

எண்ணெய் விஷயத்தில் தாராளமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது. லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய் என்றால் ஐம்பதுக்கு ஒன்று. 40 என்றால் இருபத்தைந்துக்கு ஒன்று. உங்கள் வண்டிக்கான அளவைக் கையேட்டில் பார்த்து, டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கென்றே வரும் டூ-டி (2T) எண்ணெயையே ஊற்றுங்கள். ‘கொஞ்சம் கூடப் போனால் இன்ஜினுக்கு நல்லது’ என்பவர்கள் கரி எடுக்க வரமாட்டார்கள்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனையின் நிறம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். காப்பி நிறம் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெளுத்திருந்தால்தான் பயப்பட வேண்டும்: கார்ப்பரேட்டர் பக்கம் எங்கோ காற்று கசிகிறது, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

மலைப்பாதையில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மூடிக்கொண்டே வராதீர்கள். பெட்ரோல் நின்றால் எண்ணெயும் நின்றுவிடும். அவ்வப்போது சிறிது திருகிக் கொடுங்கள். சிலிண்டர் பட்டைகளுக்கு இடையே சேறு ஒட்டியிருந்தால் கழுவிவிடுங்கள். காற்றைத் தவிர இதற்கு வேறு குளிர்ச்சி இல்லை.

இத்தனையும் செய்த பிறகும் பெடலை மிதிக்கையில் காலுக்கு எதிர்ப்பே தட்டுப்படவில்லை என்றால், போர் போட்டுக்கொள்ளலாம். அப்போது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காமல் பிஸ்டனையும் சேர்த்தே வாங்குங்கள். போர் போட்ட இன்ஜின் பழகும் வரை இரண்டாவது ஆளை ஏற்றாதீர்கள்.