குழந்தையின் உதட்டில் கொப்புளமா? முதலில் போட்டோ எடுத்து வையுங்கள்

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்த வேகத்தில் வீடு, பள்ளிக்கூடம், வங்கிக் கணக்கு என்று ஓடுகிறோம். பிள்ளைகளின் பல்லும் வாயும் வலி வந்தால்தான் நினைவுக்கு வரும். ஊரில் அது போதும். காலையில் வலித்தால் சாயங்காலம் நேராகப் பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிடலாம். பல நாடுகளில் அப்படி முடியாது. முதலில் ஒரு பொதுப் பல் மருத்துவரிடம் பதிய வேண்டும்; அறுவை சிகிச்சை என்றால் அவர் எழுதும் கடிதத்தோடுதான் நிபுணரிடம் போக முடியும். காப்பீடு இருந்தால், வாய்க்கட்டி எடுப்பது மருத்துவச் செலவில் வருமா பல் செலவில் வருமா என்று தேதி வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அலுவல் விஷயம் இவ்வளவுதான்.

என் தம்பி மகனை அலைக்கழித்தது வேறு. அவனுக்குக் கீழுதட்டின் உள்பக்கம் ஒரு கொப்புளம் வந்தது. பட்டாணி அளவு, லேசான நீலம், தொட்டால் மெத்தென்று இருக்கும், வலி இல்லை. மியூகோசீல் என்பார்கள். பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொள்ளும்போது உள்ளே இருக்கும் சிறு உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் அறுந்துபோகும். உமிழ்நீர் வெளியே வர வழியில்லாமல் சதைக்குள் கசிந்து தேங்கும். அதுவே உடைந்து வடியும், உதடு தட்டையாகும், சுரப்பி கசிந்துகொண்டே இருப்பதால் மறுபடி நிரம்பும். சில தானாகவே மறைந்துவிடும். திரும்பத் திரும்ப வந்தால், கொப்புளத்தோடு அதை நிரப்பும் சுரப்பிகளையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

நீண்ட நாள் காத்திருந்து நிபுணரைப் பார்க்கும் நாள் வந்தது. அதற்கு முன்தினம் கொப்புளம் உடைந்துவிட்டது. அவர் உதட்டை மடித்து, விளக்கை அடித்துப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. ‘இப்போது ஒன்றுமில்லையே’ என்றார். பிறகு வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது: கோப்பு மூடப்பட்டது. சில வாரங்களில் கொப்புளம் பழையபடி வந்து நின்றது. மறுபடி முதல் டாக்டர், மறுபடி கடிதம், மறுபடி வரிசையின் கடைசி. ‘வந்து வந்து போகுதுங்க’ என்று அவன் அம்மா சொன்னதை யாரும் குறிப்பில் எழுதவே இல்லை. பெற்ற தாய் தினமும் பார்த்துச் சொல்வதற்கு ஒரு வரி இடமில்லையா? எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், கொப்புளம் தெரிந்த அன்றே போட்டோ எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் உதட்டை மெல்ல இழுத்துப் பிடித்து, பக்கத்தில் ஒரு அளவுகோலின் விளிம்பும் தெரிகிற மாதிரி. உடைந்த பிறகும் ஒன்று, நிரம்பிய பிறகு இன்னொன்று, தேதியோடு. முதல் டாக்டரிடமே அவற்றைக் கொடுத்து, ‘திரும்பத் திரும்ப வருகிறது’ என்ற வார்த்தை கடிதத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உடைந்துவிட்டதே என்று அப்பாயிண்ட்மென்டை ரத்து செய்யாதீர்கள். போய், ‘மறுபடி வந்தால் நேராக உங்களிடமே வரலாமா?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாம் முறை படங்களோடு போனபோது, உதடு தட்டையாக இருந்தும் அவனுக்கு அறுவைக்குத் தேதி கிடைத்தது. வீட்டில் யாரும் ஊசியால் குத்தி வடிக்க வேண்டாம். நிரம்பத்தான் போகிறது, கிருமியும் ஏறலாம்.

மொழி தடையென்றால் தேதி வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளை தன் அறுவை சிகிச்சையைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்ப்பதைப் பார்க்கச் சகிக்காது.

எல்லா வீக்கமும் இதுவல்ல. முளைக்கப்போகும் பல்லின் மேல் ஈறு நீலமாக உப்பினால் பெரும்பாலும் பல் வெளியே வரும்போது தானே சரியாகும். நாக்குக்கு அடியில் வீங்கினால் பெரிய சுரப்பியின் கோளாறாக இருக்கலாம், தாமதிக்காமல் காட்டுங்கள். சொத்தைப் பால்பல்லின் பக்கத்தில் ஈறில் சீழ்க்கொப்புளம் வந்தால், ஊரிலிருந்து வரவழைத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையால் தீராது. அந்தப் பல்லுக்கே வைத்தியம் செய்ய வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும். முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ கடிதம், வரிசை எதையும் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். மூன்று வாரம் ஆறாத புண் எதுவானாலும் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

அறுவை அன்று அப்பாவோ அம்மாவோ போங்கள். தாத்தா பாட்டியோடு அனுப்பினால் ஒப்புதல் கையெழுத்துச் சிக்கலில் திருப்பி அனுப்பிவிடக்கூடும். முழு மயக்கம் கொடுப்பதானால் பொதுவாக 6 மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். பாலும் அதில் சேர்த்திதான். பிள்ளை அழுகிறதே என்று பாட்டி கொடுக்கும் அரை டம்ளர் பால் அன்றைய அறுவையையே தள்ளிப்போட்டுவிடும். ஊசி போட்டு உதட்டை மட்டும் மரக்கச் செய்திருந்தால், உணர்வு திரும்பும்வரை பக்கத்திலேயே இருங்கள். மரத்த உதட்டைப் பிள்ளைகள் மென்று புண்ணாக்கிக்கொள்வார்கள்.

எடுத்த சதையைப் பெரும்பாலும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சரியாக எடுத்தாலும் சிலருக்கு மறுபடி வரும். அப்படி வந்தால் யாரை அழைப்பது என்று, வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.