திருமதி, செல்வி: எழுதும்போது நேரும் தவறுகள்

திருமதியில் இருக்கும் 'மதி'க்கு நிலவு என்றும் அறிவு என்றும் பலர் விளக்கம் சொல்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. இது வடமொழி ஸ்ரீமதியின் தமிழ் வடிவம். ஸ்ரீ இருந்த இடத்தில் திரு வந்தது. 'மதி' என்பது 'உடையவள்' என்று பொருள் தரும் பெண்பால் விகுதி. பானுமதி ஒளியுடையவள், வசுமதி செல்வமுடையவள், அப்படித்தான் திருமதியும் திருவுடையவள். சொல்லுக்குள் கணவர் எங்குமே இல்லை.

சித்தப்பா இறந்த சில வாரங்களில் சித்தியோடு வங்கிக்குப் போயிருந்தேன். படிவத்தில் பெயர் எழுதப் போனவர் பேனாவை நிறுத்திவிட்டு, "இனிமே திருமதின்னு போடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். "தாராளமா போடுங்க சித்தி" என்றேன். பூவையும் பொட்டையும் பறித்துக்கொண்ட ஊர், பெயருக்கு முன்னால் நிற்கும் மரியாதையையும் கேட்பது எனக்குப் பொறுக்கவே இல்லை. கைம்பெண்ணுக்குத் திருமதி கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரிக்குப் பதிலாகத் திரு, திருமதி, செல்வியைக் கொண்டுவந்தது. குமாரியின் இடத்துக்கு வந்ததால் செல்விக்கு 'மணமாகாதவர்' என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. ஆனால் சொல்லுக்குள் அந்தப் பொருள் இல்லை. சங்கப் பாட்டில் வரும் 'கானமர் செல்வி' காட்டில் உறையும் தெய்வம். சின்னப் பெண்களுக்குத்தான் செல்வி என்பதும் தவறு. ஜெயலலிதா அறுபது வயதைத் தாண்டியும் செல்வி ஜெ. ஜெயலலிதாதானே?

அப்புறம், 'திரு.' என்று புள்ளி வைப்பது. திரு முழுச்சொல், எதன் சுருக்கமும் இல்லை. புள்ளி வேண்டாம்.

எனக்கு அதிகம் உறுத்துவது அழைப்பிதழ்தான். 'திரு & திருமதி' என்று போட்டுக் கணவர் பெயரை மட்டும் எழுதிவிடுகிறார்கள். பெற்று வளர்த்தவள் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையில் பெயரில்லாமல் நிற்கிறாள். இரண்டு பெயரையும் எழுத இன்னும் ஒரு வரி போதும்.

மணமானவரா இல்லையா என்று தெரியாதபோது ஊகித்து எழுதாதீர்கள். அதற்குத்தான் 'திருமிகு' இருக்கிறது, ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும். சிங்கப்பூரில் 'திருவாட்டி' என்று எழுதுகிறார்கள். திருவாளருக்கு நேரான பெண்பால் சொல் அது. நம் கடிதங்களிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.