அங்கன்வாடி ஊட்டச்சத்துக்கு அடுத்த ஆண்டு எவ்வளவு நிதி வேண்டும்: கணக்கிடும் முறை

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்குப் புதிதாக மதிப்பீடு தயாரிப்பவர்கள், சென்ற ஆண்டுச் செலவோடு பத்து விழுக்காடு கூட்டி வேலையை முடித்துவிடுவதுண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அடுத்த ஆண்டு சத்துமாவு உண்ணப்போகும் குழந்தை இன்றைய கர்ப்பிணிப் பதிவேட்டிலேயே இருக்கிறது.

முதலில் விலையை எழுதிக்கொள்ளுங்கள். 2017-இல் திருத்தப்பட்ட அளவின்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9.50 ரூபாய், கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்கு 12 ரூபாய். ஆண்டுக்கு 300 நாள். பிந்தைய ஆணை கையில் இருந்தால் அதன் விலையையே போடுங்கள்.

அடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை மாதம் பட்டியலில் இருப்பார் என்று பாருங்கள். மூன்றாம் மாத முடிவில் பதியும் பெண், பேறு வரை ஆறு மாதமும் அதன்பின் ஆறு மாதமும் உணவு பெறுவார். ஒரு மையத்தில் மாதம் ஒருவர் புதிதாகப் பதிவதாகக் கொண்டால், எப்போதும் ஏறத்தாழ 12 தாய்மார் இருப்பார்கள். 12 × 9.50 × 300 என்று பெருக்கினால் 34,200 ரூபாய். பதிந்து ஓராண்டு ஆகும்போது அவரவர் குழந்தை ஆறு மாதம் நிறைந்து குழந்தைகள் பட்டியலில் ஏறும். ஏப்ரலில் ஏறும் குழந்தைக்கு 300 நாளும், அக்டோபரில் ஏறுவதற்கு 150 நாளும் கணக்கிட்டு, ஆறு வயது நிறைந்து வெளியேறுவோரை அந்தந்த மாதத்திலேயே கழித்துவிடுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கணக்குப் பிசகும் இடம் தாய்வீடுதான். தலைப்பேற்றுக்கு ஏழாம் மாதத்துக்கு மேல் பெண்ணை அழைத்துப் போவார்கள். குலசேகரத்தில் பதிந்தவர் குளச்சலில் மாவு வாங்க வருவார். இரண்டு பதிவேட்டிலும் அவர் பெயர் இருந்தால் மாவட்டத் தொகை வீங்கும். இரண்டிலும் விடுபட்டால், உணவு மிகவும் தேவைப்படும் மாதங்களில் ஒரு தாய் வெறுங்கையோடு திரும்புவார். இந்த இரண்டாவது பிழையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். ஆகவே பெயரை நம்பாமல், கர்ப்பத்தைப் பதியும்போது ஒவ்வொரு பெண்ணுக்கும் தரப்படும் பிக்மி (PICME) எண்ணை வைத்து இரு பட்டியல்களையும் ஒப்பிட்டு, அவர் இருக்கும் மையத்தின் கணக்கில் அந்த மாதங்களைச் சேருங்கள்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி தனிக் கணக்கு. இதில் கலக்க வேண்டாம்.

கடற்கரை ஊர்களுக்கு மாதவாரியாகவும் பிரித்து எழுதுங்கள். மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் வரும். வருமானம் குறையும் அந்த மாதங்கள் நிதியாண்டின் தொடக்கத்திலேயே அமைவதால், முதல் தவணையிலேயே அவற்றுக்கான முழுத் தொகையையும் கேட்டுவிட வேண்டும்.